மஞ்சள் கட்டத்துக்குள்

ஒரு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மோகனப்பிரியா அந்தப் பழைய கேமராவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, கீழே உக்கடம் தெருவில் வாழைத்தார் ஏற்றிய மொபெட்டில் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஒரே சட்டை, ஒரே முகம், ஒரே துண்டு. ஒருவன் நல்ல நிறத்தில் இருந்தான். அவன் தோளிலிருந்து நழுவி வெளியே வந்திருந்த இன்னொருவன் மஞ்சளாக, புகை மாதிரி இருந்தான்.

"இந்த வளையத்தை மெல்லத் திருகுங்கம்மா," என்றார் கடைக்காரர் நாகூர் மீரான். "நடுவுல மஞ்சளா ஒரு கட்டம் தெரியுதுங்களா? அதுக்குள்ள மட்டும் பாருங்க. ரெண்டும் ஒண்ணாச் சேர்ற எடத்துல நிறுத்தோணும்."

அவள் திருகுவதற்குள் மொபெட் போய்விட்டது. எதிர் டீக்கடைக்குத் திருப்பினாள். இரண்டு மாஸ்டர்கள் இரண்டு டீயைத் தலைக்கு மேலே தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தார்கள். வளையம் நகர நகர, புகை மாஸ்டர் நிஜ மாஸ்டரை நோக்கி மெதுவாக நடந்துவந்து அவருக்குள் புகுந்துகொண்டார். இரண்டு டீயும் ஒரே டீயாகி டம்ளரில் விழுந்தது. அவளுக்கு என்னவோ நெஞ்சுக்குள் ஒரு கதவு சாத்திக்கொண்டது போலிருந்தது.

கைப்பையில் போன் அடித்தது. கணவன் சுரேந்தர்.

"எங்க இருக்கற?"

"உக்கடத்துலங்க."

"உக்கடத்துல என்ன வேல இப்ப?"

"ஒரு வேலையா வந்தேனுங்க. சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வராந்தாவின் சத்தம் கேட்டது. அவன் குரல் இறங்கியிருந்தது. "அப்பாவ ஊட்டுக்குக் கூட்டீட்டுப் போயிரச் சொல்லீட்டாங்க பிரியா. ஆம்புலன்ஸ் சொல்லியிருக்கறேன். நீ நேரா ஊட்டுக்கு வந்துரு. அம்மா தனியா இருக்காங்க."

அவள் போனைப் பைக்குள் போட்டபோது, மீரான் கேமராவைத் தன் கையில் வாங்கித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மாடியில் ஒற்றை அறைதான் கடை. சுவரெல்லாம் கண்ணாடி அலமாரி, அதற்குள் வரிசையாகப் பழைய கேமராக்கள், தூங்குகிற குருவிகள் மாதிரி.

"அவசரம்னா போயிட்டு வாங்கம்மா. வேற யாருக்கும் குடுக்க மாட்டேன், எடுத்து வெச்சர்றேன்."

"இல்லீங்க. இன்னைக்கே வேணும். சுருளும் போட்டே குடுத்துருங்க."

"யாருக்குங்கம்மா?"

"எம் மாமனாருக்குங்க."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. புதுச் சுருளை எடுத்து, கேமராவின் முதுகைத் திறந்து, சுருளின் நாக்கை இழுத்துப் பல்சக்கரத்தில் மாட்டி மூடினார். கட்டைவிரலால் நெம்புகோலை இழுத்து, ஆளில்லாத சுவரைப் பார்த்து அழுத்தி, மறுபடி இழுத்தார். இலை உதிர்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். வெளிச்சத்துக்கு எதை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். "ஒண்ணே ஒண்ணும்மா. எடுத்து முடிச்சுச் சுருளைத் திருப்பிச் சுத்தற வரைக்கும் இந்த முதுகை மட்டும் தொறந்துறாதீங்க. வெளிச்சம் பட்டுச்சுன்னா எடுத்ததெல்லாம் போயிரும்."

ஸ்கூட்டரில் மேட்டுப்பாளையம் ரோட்டைப் பிடித்தபோது வடக்கே வானம் கறுத்திருந்தது. கவுண்டம்பாளையம் தாண்டியதும் குருடிமலை தெரியவேண்டும். தெரியவில்லை. மலை இருக்கிற இடத்தில் மேகம் உட்கார்ந்திருந்தது. கேமரா வைத்த பையை மார்புக்குக் குறுக்கே மாட்டியிருந்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் அது ஒரு சின்ன உயிர்போல வயிற்றில் முட்டியது.

மாமா நஞ்சுண்டன் துடியலூரில் மாவு மில் வைத்திருந்தவர். ஆயுளில் பாதியை அரவைச் சத்தத்துக்குள் கத்திப் பேசியே கழித்தவர் என்பதாலோ என்னவோ, வீட்டில் வாய் திறக்க மாட்டார். "சோறு போடு", "கரண்டு பில்லு வந்துச்சா", "மழ வரும்", இப்படித்தான். மருமகளாக வந்த இத்தனை வருஷத்தில் அவர் தன்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு பகல் பொழுதுக்குக் காணாது என்று மோகனப்பிரியா நினைத்ததுண்டு. ஆனால் அவள் அலுவலகம் விட்டு வர நேரமானால், தெருமுனை வரை நடந்துபோய், வேறு எதற்கோ வந்தவர்போல நின்றுகொண்டிருப்பார்.

நுரையீரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பகல் முறை அவளுடையது. கணபதியில் சுரேந்தரின் லேத் பட்டறையை அப்படியே போட்டுவிட்டு வர முடியாது. அப்படி ஒரு மத்தியானத்தில்தான், தூங்குகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது, கண்ணைத் திறக்காமலே அவர் பேசினார்.

"அம்மணி, எனக்கொரு கேமரா வேணும்."

"போன்லயே எடுத்துக்கலாமுங்க மாமா. எதை எடுக்கோணும், சொல்லுங்க."

"போனு ஆகாது. சுருள் போடறது. பழசாவே இருக்கட்டும். பெருசா வேண்டாம், எங் கை தாங்காது." மூச்சு வாங்கியது. காத்திருந்து, மீண்டும் பேசினார். "கண்ணை வெச்சா ரெண்டு ரெண்டாத் தெரியும். திருகுனா ஒண்ணாகும். அந்த மாதிரி."

"யாரை எடுக்கறதுக்குங்க?"

"உங்கத்தைய."

ராசாத்தாள் அத்தையின் படம் அந்த வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. சுரேந்தர் பிறந்தபிறகு அவளுக்கு வாயோரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. அது மெல்ல விரிந்து கன்னமேறி வலது கண்ணைச் சுற்றிக்கொண்டது. வைத்தியம் பார்த்தார்கள், கோயிலுக்குப் போனார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். மில்லுக்குள் இருக்கும்போது மட்டும் அவளுக்கு நிம்மதி. அங்கே எல்லார் முகமும் வெள்ளைதான். விசேஷ வீடுகளில் போட்டோக்காரன் தலை தெரிந்தால் போதும், அத்தை எழுந்து சமையல் பந்தலுக்குப் போய்விடுவாள். சுரேந்தர் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குத் தாய் நிற்கவேண்டிய இடத்தில் சின்ன மாமியார்தான் நிற்கிறாள். ஆதார் அட்டைக்காக ஒருதரம் எடுத்ததோடு சரி, அதையும் பீரோவுக்குள் துணிக்கடியில் வைத்திருந்தாள்.

"அத்தை ஒத்துக்குவாங்களா மாமா?"

"கேட்டுப்போட்டேன். போன்னா வேண்டாங்கறா. எடுத்த நிமிசமே ஊரு பூராம் போயிருமாம். சுருளுக்குள்ளயே இருக்கும்னா எடுத்துக்குங்கன்னுட்டா."

தலையணையில் முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"மில்லு தொறந்த புதுசு. ராயி அரைக்க வந்த வாத்தியாரு ஒருத்தரு கழுத்துல அந்த மாதிரி ஒண்ணை மாட்டியிருந்தாரு. சும்மா பாருங்கன்னு குடுத்தாரு. உங்கத்தை அந்தப்பக்கம் மாவு சலிச்சுட்டு இருந்தா. ரெண்டு பேராத் தெரிஞ்சா." நிறுத்தினார். "ஒண்ணாக்கறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டா."

அவள் போர்வையைச் சரிசெய்தாள்.

"சுரேந்திரங்கிட்டச் சொல்லாத. அவன் புதுசா ஒண்ணை வாங்கியாந்து எனக்கே பாடம் எடுப்பான்." மூக்கிலிருந்த குழாய் லேசாக ஆடியது. அவர் சிரித்திருக்கிறார் என்று அவளுக்குச் சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது.

வீட்டுக்கு அவள் வந்து சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கூடத்து ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டு மாமாவைப் படுக்கவைத்திருந்தார்கள். காலையில் பார்த்ததைவிடச் சின்னதாகியிருந்தார். சுரேந்தர் அவளை ஒரு பார்வை பார்த்தான். எங்கே போனாய் என்ற கேள்வி அதில் இருந்தது. ஆனால் அவனுக்கு அதைக் கேட்கத் தெம்பில்லை.

"இந்த சிலிண்டர் சாயங்காலம் வரைக்குந்தான் வரும். நான் போயி இன்னொண்ணு எடுத்துட்டு வந்தர்றேன். சென்னிமலைல இருந்து சித்தப்பா கெளம்பீட்டாரு."

அவன் வண்டிச் சத்தம் தெருவைத் தாண்டியதும் அவள் பையைத் திறந்து கேமராவை எடுத்து மாமாவின் கைக்குள் வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன. கண் திறக்கவில்லை, ஆனால் விரல்கள் ஒவ்வொரு குமிழாகத் தொட்டுப் பார்த்தன.

"வந்துருச்சா," என்றார்.

சமையலறை வாசலில் அத்தை நின்றிருந்தாள். கேமராவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். உள்ளே போனாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மனசு மாறிவிட்டதோ என்று மோகனப்பிரியா பயந்தாள். அப்படியெல்லாம் இல்லை. அத்தை கத்திரிப்பூ நிறச் சேலை உடுத்தி, ஈரத்தலையைக் கோதி முடிந்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு வந்தாள். எப்போதும் வலது கன்னத்தின்மேல் இழுத்துவிட்டிருக்கும் முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். ஜன்னலுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல மடியில் கைகளை வைத்து உட்கார்ந்தாள்.

"எங்க பாக்கோணுமுங்க?" என்று அவரிடம் கேட்டாள்.

"என்னையப் பாரு."

மோகனப்பிரியா அவரைத் தலையணையோடு சேர்த்து நிமிர்த்தி, பின்னால் தன் தோளைக் கொடுத்து உட்கார்ந்தாள். அவர் முழங்கைக்கு அடியில் தன் கையை வைத்துத் தாங்கினாள். கேமரா கண்ணுக்குப் போனது. வளையத்தைத் திருக அவருக்கு வலுவில்லை. அவள் தன் விரலை அவர் விரல்மேல் வைத்தாள்.

"திருப்பு... இன்னும்... மெல்ல, மெல்ல."

அவளுக்கு உள்ளே என்ன தெரிகிறது என்று தெரியாது. அவர் குரலைப் பிடித்துக்கொண்டு கண் தெரியாதவள்போலத் திருகினாள்.

"அக்கட்டால போயிட்டா. திரும்பக் கொண்டா."

நாற்காலியில் அத்தை அசையவில்லை. மழைக்கு முந்தைய வெளிச்சம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து தரையில், கட்டிலில், அத்தையின் முகத்தில் ஒரே மாதிரியாகப் படிந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் எது வெள்ளை, எது தோல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கூடமே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல, சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது.

"ம்," என்றார்.

ஒன்றாகிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. விரலை எடுத்துக்கொண்டாள். அவர் அழுத்துவார் என்று காத்திருந்தாள். அவர் அழுத்தவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் மூச்சு அவள் நெஞ்சில் ஏறி இறங்கியது. அத்தையும் இமைக்காமல் இந்தப் பக்கமே பார்த்திருந்தாள். தான் அங்கே இருக்கக்கூடாதோ என்று மோகனப்பிரியாவுக்குத் தோன்றியது. ஆனால் தோளை எடுத்தால் அவர் சாய்ந்துவிடுவார். ஆகவே தலையைத் திருப்பிச் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இலை உதிர்கிற சத்தம் கேட்டது.

"இன்னொண்ணு எடுக்கறீங்களா மாமா?"

"போதும் கண்ணு."

அத்தை எழுந்து, நாற்காலியை இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. தூறல் தொடங்கியது. சுரேந்தர் சிலிண்டரோடு வந்து, நனைந்த சட்டையைக்கூட மாற்றாமல் அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். விளக்கு வைக்கிற நேரத்தில், அத்தை ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தாள். அது உள்ளே போகாமல் கடைவாயில் வழிந்தது. அவள் அதைத் துடைத்துவிட்டு ஸ்பூனைத் தட்டில் வைத்தாள்.

"சாமி, அப்பனுக்குக் காலை நீட்டி உடு," என்றாள் மகனிடம்.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அப்போதும் அவனுக்குப் புரியவில்லை.

மறுநாள் காலையில் வாசலில் பந்தல் நின்றது. பிளாஸ்டிக் நாற்காலிகள், கண்ணாடிப் பெட்டிக்குள் மாமா, மோட்டாரின் இரைச்சல். ஆயுள் முழுக்க மெஷின் சத்தத்தில் இருந்தவருக்குக் கடைசியிலும் அதுவே துணையாக இருந்தது. மில்லுக்கு அரைக்க வந்த பெண்கள் பலபேர் வந்தார்கள். ஒருத்தி, "எப்ப வந்தாலும் மொத மாவை அள்ளி வெரல்ல தேச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பாரு," என்று சொல்லி அழுதாள்.

சின்ன மாமா சென்னியப்பன்தான் முன்நின்று எல்லாம் பார்த்தார். தெருமுனையில் வைக்கிற பேனருக்குப் படம் வேண்டும் என்று உள்ளே வந்து நின்றார். சுரேந்தர் போனில் இருந்ததையெல்லாம் தள்ளித் தள்ளிக் காட்டினான்.

"இதெல்லாம் ஒத்தையா இருக்குது. அண்ணியோட ஜோடியா ஒண்ணுமே இல்லையா?"

பெட்டியோரம் உட்கார்ந்திருந்த அத்தை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். மோகனப்பிரியாவின் பார்வை தானாக ஜன்னல் மேடைக்குப் போனது. கேமரா அங்கேதான் இருந்தது. மருந்துப் பாட்டில்களுக்குப் பின்னால், தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல.

"செரி, ஒத்தையா இருக்கறதே போடுங்க," என்று சின்ன மாமா வெளியே போனார்.

சங்கு ஊதியபோது, தூக்கியபோது, பொரி இறைத்துக்கொண்டு ஊர்வலம் தெரு திரும்பியபோது, எல்லாமே மோகனப்பிரியாவுக்கு ஈரத்துணிக்கு அப்பால் நடப்பதுபோல இருந்தது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். அத்தைக்குத் தலைக்கு ஊற்றினார்கள். ஆண்கள் திரும்பி வந்து, குளித்து, ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார்கள். பொழுது சாயும்போது வீட்டில் அவர்கள் மூன்று பேர்தான்.

காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தாள். மெத்தை எடுத்துவிட்ட வெறுங்கட்டிலில் சுரேந்தர் உட்கார்ந்திருந்தான். மொட்டைத் தலையில் அவன் வேறு யாரோ மாதிரி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருந்தான். கையில் கேமரா. பட்டறைக்காரன் கை அது. எந்தச் சாமான் கிடைத்தாலும் எது எங்கே கழலும் என்று தேடுகிற கை. ஒரு குமிழைப் பிடித்து மேலே இழுத்தான்.

"இருங்க," என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முதுகு திறந்துகொண்டது.

உள்ளே, குறுக்கே, சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாகச் சுருள். ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் ஒரு கோடாக ஓடியது.

"சுருள் இருக்குதே உள்ள," என்றான். விரலால் மெல்லத் தொட்டும் பார்த்தான். "இது ஏது பிரியா? நம்மூட்டுதா?"

அவள் தட்டைக் கீழே வைத்தாள். அவன் கையிலிருந்து கேமராவை வாங்கி மூடினாள். மூடுவதில் இனிப் பயனில்லை என்று தெரிந்தும் அழுத்தி மூடினாள்.

"மாமா கேட்டாருங்க. நேத்து உக்கடத்துக்கு அதுக்குத்தான் போனேன்."

"அப்பாவா? கேமராவா?" அவன் அவளையே பார்த்தான். "எடுத்தாரா எதாச்சும்?"

அவள் தலையைத் தூக்கினாள். சமையலறை வாசலில் அத்தை நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. சுருளின்மேல் வெளிச்சம் ஓடியதை அவளும் பார்த்திருக்கிறாள். முதுகைத் திறந்தால் என்னாகும் என்று நேற்று அடுப்படியில் வைத்து மோகனப்பிரியாதான் அவளிடம் சொல்லியிருந்தாள்.

"இல்ல சாமி," என்றாள் அத்தை. "சும்மா பாத்துட்டுக் குடுத்துட்டாரு."

சுரேந்தர் கேமராவை மறுபடி வாங்கிக்கொண்டான். "அவருக்கு எதுக்கு இதெல்லாம்," என்று முணுமுணுத்தான். சொல்லிக்கொண்டே அதைக் கண்ணில் வைத்து, சமையலறைப் பக்கம் திருப்பினான். அத்தை உள்ளே போய்விடுவாள் என்று மோகனப்பிரியா எதிர்பார்த்தாள். அவள் போகவில்லை. நிலையில் ஒரு கையை ஊன்றியபடி மகனுக்கு எதிரே நின்றாள். கொஞ்ச நேரத்தில் சுரேந்தரின் தோள் குலுங்கத் தொடங்கியது. கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே அழுதான். நேற்றிலிருந்து அவன் அழுவது அதுதான் முதல் தடவை.

அத்தை கிட்டே வந்து, ஈரம் போகாத அவன் தலையை முந்தானையால் ஒற்றினாள். "தலைய நல்லாத் தொவட்டறதில்லையா கண்ணு," என்றாள்.

அவன் அந்த வெறுங்கட்டிலிலேயே சாய்ந்து தூங்கிப்போனான். அடுப்படியில் மோகனப்பிரியா கேட்டாள். "அத்தை, சுருள் இன்னும் மிச்சம் இருக்குதுங்க. வேணும்னா இன்னொண்ணு எடுத்துக்கலாமுங்களா?"

அத்தை டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதையே திரும்பக் கழுவினாள்.

"யாரு பாக்கறதுக்கு அம்மணி," என்றாள். பிறகு, "அவங்கிட்டச் சொல்லீராத. அப்பனை மயானத்துல வெச்சுட்டு வந்திருக்கறான்."

"சொல்ல மாட்டேனுங்க."

வாசலில் ஏதோ உராய்கிற சத்தம் கேட்டது. இருவரும் போய்ப் பார்த்தார்கள். மழை விட்டிருந்தது. பந்தலைப் பிரித்துப் போய்விட்டார்கள். நாற்காலிகள் மட்டும், உட்கார்ந்தவர்கள் எழுந்துபோன வாக்கில் அங்கங்கே திரும்பிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு மயில் நடந்துகொண்டிருந்தது. பின்பக்கத்துச் சோளக்காட்டிலிருந்து வந்திருக்கவேண்டும். நனைந்த தோகையை நாற்காலிக் கால்களுக்கு இடையே இழுத்துக்கொண்டு, சேற்றில் ஒட்டிக்கிடந்த பொரியை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்றது. அவர்களை நிமிர்ந்து பார்த்தது. பிறகு மறுபடி குனிந்துகொண்டது.

அத்தை நிலைப்படியில் உட்கார்ந்தாள். மோகனப்பிரியாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் அதை விரட்டவில்லை.